குழாய் முனையில் ஒரு சல்லடை

2024 மார்ச்சில் பெங்களூருவின் ஆழ்துளைக் கிணறுகள் பல வறண்டன. காரைக் கழுவவும் தோட்டத்துக்கு ஊற்றவும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த அந்நகரக் குடிநீர் வாரியம், கூடவே இன்னோர் உத்தரவும் போட்டது. உணவகங்கள், வணிக வளாகங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் எல்லாம் குழாய்களில் ஏரேட்டர் பொருத்தியாக வேண்டும்.

ஒரு ரூபாய் நாணயத்தின் அகலமே உள்ள திருகுமூடிதான் இந்த ஏரேட்டர். குழாயின் வாயில் மாட்டிக்கொள்ளும். உள்ளே முதலில் துளையிட்ட தட்டு ஒன்று. அதில் நுழையும் நீர் மெல்லிய தாரைகளாகப் பிரிந்து வேகமெடுக்கிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். ஓரத்து இடுக்குகள் வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். நீரும் காற்றும் கீழே உள்ள வலையில் மோதிக் கலந்து, வெண்மையான, பருத்த தாரையாக இறங்குகின்றன. கையில் படும்போது நிறையத் தண்ணீர் வருவதுபோலவே இருக்கும். தெறிப்பதும் இல்லை.

நல்ல தரமானவற்றில் இன்னொரு நுட்பமும் உண்டு. உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அழுத்தம் கூடினால் அது நசுங்கி விரிந்து நீர் செல்லும் இடைவெளியைச் சுருக்குகிறது. குறைந்தால் பழைய வடிவுக்குத் திரும்புகிறது. மின்சாரமும் வேண்டாம், யாரும் திருகவும் வேண்டாம். நீரின் அளவு ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும்.

எவ்வளவு மிஞ்சும் என்பதை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு லிட்டர் பாட்டில் ஐந்து விநாடியில் நிரம்பினால், அந்தக் குழாய் நிமிடத்துக்கு 12 லிட்டர் கொட்டுகிறது. வாஷ்பேசினும் சமையலறைத் தொட்டியும் சேர்ந்து நாளுக்கு 20 நிமிடம் ஓடுவதாக வைத்துக்கொண்டால் 240 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் ஏரேட்டர் பொருத்தினால் அது 100 ஆகும். ஆண்டுக்கு மிச்சம் 51,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் நான்குக்கும் மேல். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டுக்கு இது நேரடிப் பணம்.

மின் கட்டணமும் கொஞ்சம் இறங்கும். பத்து லிட்டர் நீரை 30 டிகிரி சூடேற்றவே 0.35 யூனிட் வேண்டும். ஆகவே வெந்நீர் வரும் குழாயில்தான் ஏரேட்டருக்கு இரட்டை லாபம். 100 மீட்டர் ஆழத்திலிருந்து நீர் இறைக்கும் மோட்டாரும் ஆயிரம் லிட்டருக்கு அரை யூனிட்டுக்கு மேல் இழுக்கும். தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடுவதால், எல்லையில் நிற்கும் வீடுகளுக்கு இந்தச் சில யூனிட்டுகளும் முக்கியம்.

ஆனால் எல்லாக் குழாய்க்கும் இது பொருந்தாது. பக்கெட்டோ குடமோ நிரப்பும் குழாயில் மாட்டினால் நிரம்ப நேரமாகுமே தவிர ஒரு சொட்டும் மிஞ்சாது. கை, காய்கறி, பாத்திரம் என்று ஓடும் நீரில் கழுவும் இடங்களே இதற்கு ஏற்றவை.

அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். மாடித் தொட்டியிலிருந்து 10 மீட்டர் கீழே உள்ள குழாயில்தான் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். தொட்டிக்கு நேர் கீழே, மேல்தள வீட்டில் அதில் கால்வாசிகூட இருக்காது. அங்கே காற்றுக் கலக்கும் வகை சிணுங்கும். பூவாளிபோலத் தூவும் வகையே சரி.

போர்வெல் நீரின் உப்பு இதற்குப் பெரும் எதிரி. வலையில் படிந்து தாரையைக் கோணலாக்கும். கழற்றி வினிகரில் சில மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் உப்பு கரைந்துவிடும். பலர் அப்படிச் செய்யாமல் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். வெறுங்குழாயில் நீர் கொட்டுவதைப் பார்த்து, கோளாறு தீர்ந்தது என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் கடையில் வாங்கும்போதே வலையைத் தனியாகக் கழற்ற வருகிறதா என்று திருகிப் பார்த்து வாங்குவது நல்லது.