ஃப்ரேஸா, கிளாஸா? தமிழில் யோசித்தால் ஏன் குழம்புது?

10-ம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் 'சிம்பிள் சென்டன்ஸா மாத்து' என்ற கேள்வியில் மார்க் போகுதா? ஃப்ரேஸ் எது, கிளாஸ் எது என்று பிரிக்கத் தெரிந்தால் போதும்.

2015 டிசம்பரில் தாம்பரம் பக்கத்தில் முடிச்சூர் வெள்ளத்தில் மூழ்கியதே, அதையே எடுத்துக்குவோம். 'பிகாஸ் இட் ரெயின்ட் ஹெவிலி, முடிச்சூர் வாஸ் ஃப்ளடட்'. முதல் பாதியில் 'இட்' எழுவாய், 'ரெயின்ட்' காலம் காட்டும் வினை. ரெண்டும் இருப்பதால் அது கிளாஸ். இதை 'பிகாஸ் ஆஃப் ஹெவி ரெயின்' என்று மாற்றினால் வினையே இல்லை. அது ஃப்ரேஸ், வாக்கியமும் சிம்பிள் ஆகிடுச்சு. நீளத்தை வைத்து முடிவு பண்ணாதீங்க.

ஏமாற்றுவது 'ஆஃப்டர் ரீச்சிங் தாம்பரம்' போன்றவைதான். 'ரீச்சிங்' வினை மாதிரி தெரியும். ஆனால் யார் வந்தது, எப்போது என்று அது சொல்லாது. பள்ளி இலக்கணத்தில் இது ஃப்ரேஸ். (மொழியியலில் இதையும் ஒருவகை கிளாஸ் என்பார்கள், அது காலேஜ் கதை.) 'ஆஃப்டர் ஹீ ரீச்ட் தாம்பரம்' என்றால் கிளாஸ்.

தமிழில் ரெண்டுக்குமே 'தாம்பரம் வந்த பிறகு' என்றே சொல்லிவிடுகிறோம். 'அவன்' என்று சேர்த்தாலும் 'வந்த' மாறாது. அதனால் மொழிபெயர்த்துப் பார்த்தால் விடை கிடைக்காது. ஆங்கில வரியிலேயே எழுவாயைத் தேடுங்க, அடுத்து அதற்கான வினையைத் தேடுங்க.