கோல் விழுவதை ஊர் பார்க்கட்டும்

பெங்களூரு அல்சூரை ஒட்டியிருக்கும் கௌதமபுரத்துக்குப் போனால், கால்பந்து வீரர் பீலேவின் சிலையைப் பார்க்கலாம். தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த இந்தப் பேட்டையை ஊரே ‘குட்டி பிரேசில்’ என்றுதான் சொல்கிறது. பந்துக்கு இங்கே அவ்வளவு மரியாதை.

இந்த நகரம் தந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் சாரங்கபாணி ராமன். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோல் அவருடையது. வீரர்களில் பலர் வெறுங்காலுடன் ஆடிய அந்த ஆட்டத்தில் இந்தியா 1-2 எனத் தோற்றது. இந்தியாவில் தொலைக்காட்சி தொடங்கியதே 1959-ல்தான் என்பதால், தங்கள் ஊர்க்காரர் அடித்த கோலைப் பெங்களூருக்காரர்கள் காதால் கேட்டதோடு சரி.

பிறகு காலம் மாறியது. 2010-ல் ஐபிஎல் கிரிக்கெட் ஆட்டங்கள் யூடியூபில் பல நாடுகளுக்கு நேரலையாகப் போயின. 2016 செப்டம்பரில் ஜியோ கைப்பேசிச் சேவை வந்த பிறகு டேட்டா விலை தரைக்கு இறங்கியது. 2023 ஜூலை 4 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் இந்தியா பெனால்டியில் குவைத்தை வீழ்த்தி தெற்காசியக் கோப்பையை வென்றதைப் பலர் கைப்பேசியில்தான் பார்த்தார்கள். ஆனால் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஞாயிற்றுக்கிழமை நடக்கும் உள்ளூர் இறுதி ஆட்டம், கோட்டுக்கு வெளியே நிற்பவர்களின் கண்ணோடு முடிந்துவிடுகிறது. அதையும் தொலைக்காட்சித் தரத்தில் காட்டலாம். அதற்குப் பெரிய பணம் தேவையில்லை, ஒழுங்கு இருந்தால் போதும்.

உயரமே முதல் செலவு

கேமரா வாங்குவதற்கு முன் சாரம் கட்டுங்கள். தரையில் நின்று எடுத்தால் எவ்வளவு நல்ல கேமராவிலும் முதுகுகள்தான் தெரியும். நடுக்கோட்டுக்கு நேராக, இரண்டு ஆள் உயரத்தில் உறுதியான மேடை இருந்தால், சாதாரண ஹேண்டிகேமிலும் ஆட்டத்தின் வடிவம் புரியும். மேடை மேற்குப் பக்கம் இருக்கட்டும். மாலை வெயில் கேமராவின் முதுகில் விழும், லென்ஸுக்குள் அடிக்காது.

கேமரா பிடிப்பவர் பந்தைத் துரத்தக் கூடாது. பந்தோடு சேர்த்து, அது போகப்போகும் இடமும் சட்டத்துக்குள் இருக்க வேண்டும். ஜூமை அடிக்கடி இழுப்பதுதான் கற்றுக்குட்டியைக் காட்டிக்கொடுக்கும்.

இரவு ஆட்டத்தில் பலர் சறுக்கும் இடம் ஷட்டர். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய வகை மைதான விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த மினுங்கல் கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் படம் துடிப்பது நின்றுவிடும். காசே செலவில்லாத திருத்தம் இது.

ஸ்டூடியோ ஒரு லேப்டாப்புக்குள்

2012-ல் வெளிவந்த ஓ.பி.எஸ். என்ற மென்பொருள் இன்றும் முழுக்க இலவசம். இரண்டு கேமராக்களை மாற்றி மாற்றிக் காட்டுவது, மூலையில் ஸ்கோர் பெட்டி வைப்பது, ஸ்பான்சர் பெயரை ஓட்டுவது எல்லாம் அதிலேயே முடியும். கடைசிச் சில வினாடிகளைச் சேமித்து ரீப்ளே போடும் வசதியும் உண்டு. தனி ஸ்விட்சர் வேண்டுமென்றால், பிளாக்மேஜிக் நிறுவனம் 2019-ல் ஏடெம் மினியை 295 டாலருக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் இந்த வேலைக்குப் பல மடங்கு பணம் ஆனது.

கேபிளும் கேப்சர் கார்டும் வாங்க, பெங்களூரு எஸ்.பி. ரோட்டின் மின்னணுக் கடைகளில் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். எச்.டி.எம்.ஐ. கேபிள் 10, 15 மீட்டரைத் தாண்டினால் தடுமாறும். மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து இழுக்க எஸ்.டி.ஐ. கேபிள்தான் சரி, 100 மீட்டர் வரை தாங்கும்.

ஸ்கோர் பெட்டிக்கென்று ஒரு ஆளை உட்கார வையுங்கள். அவருக்கு வேறு வேலை தராதீர்கள். நடுவில் வந்து சேரும் பார்வையாளர் முதலில் தேடுவது யார் ஆடுகிறார்கள், ஸ்கோர் என்ன, எத்தனையாவது நிமிடம் என்ற மூன்றைத்தான். அந்தப் பெட்டி தவறாகக் காட்டினால் மற்ற எல்லா உழைப்பும் வீண்.

படத்தை மன்னிப்பார்கள், சத்தத்தை மன்னிக்க மாட்டார்கள்

படம் கொஞ்சம் மங்கினாலும் ஜனம் பார்க்கும். காற்று உறுமும் மைக்கை ஒரு நிமிடம்கூடப் பொறுக்காது. வர்ணனையாளருக்கு வாய்க்கு அருகில் நிற்கும் ஹெட்செட் மைக் ஒன்று, கூட்டத்தின் ஆரவாரத்துக்கு நுரை உறை போட்ட மைக் இன்னொன்று. இரண்டையும் தனித்தனியே கூட்டிக் குறைக்க முடிந்தால் பாதி தொலைக்காட்சி வந்துவிட்டது.

வர்ணனை எந்த மொழியில் என்பதும் முக்கியம். பெங்களூரு மைதானத்தில் தமிழும் கன்னடமும் உருதுவும் கலந்துதான் ஒலிக்கின்றன. பேட்டைப் பிள்ளைகளின் பெயரும் ஆட்டமும் தெரிந்த ஒரு பழைய ஆட்டக்காரர் பேசட்டும். அவர் சொல்லும் ஒரு வரிக்கு எந்தக் கிராபிக்ஸும் ஈடாகாது.

இடைவேளையில் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு போட்டால், காப்புரிமைச் சிக்கலில் நேரலையே நின்றுபோகலாம். அமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நெட் என்னும் நூல்

720 தரத்தில், வினாடிக்கு 60 பிரேம் அனுப்ப ஏறக்குறைய 6 எம்.பி.பி.எஸ். வேண்டும். இரண்டு மணி நேர ஆட்டத்துக்கு 5.4 ஜி.பி. செலவாகும். அப்லோட் வேகம் அதைப் போல இரு மடங்கு இருந்தால்தான் நிம்மதி. காலையில் காலி மைதானத்தில் வேகம் பார்த்து ஏமாறாதீர்கள். கூட்டம் சேர்ந்ததும் டவர் திணறும். முடிந்தால் பக்கத்துக் கட்டடத்திலிருந்து பிராட்பேண்ட் கேபிள் இழுங்கள், வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றை மாற்றாக வையுங்கள். லேப்டாப்புக்கும் ரௌட்டருக்கும் யூ.பி.எஸ்., பெங்களூரு மாலை மழைக்கு ஒரு தார்ப்பாய். புதிய யூடியூப் சேனலில் நேரலை வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகும் என்பதால், ஆட்டத்தன்று காலையில் அந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

அமைப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பள்ளிப் பிள்ளைகள் ஆடினால் பெற்றோரிடமும் கேளுங்கள்.

இவ்வளவும் எதற்கு? தேர்வு முகாமுக்குப் போகும் பதினாறு வயதுப் பெண்ணிடம் தன் ஆட்டத்தின் வீடியோ இருந்தால், தேர்வாளர் அவளைப் பார்க்கும் பார்வை மாறும். துபாயில் வேலை செய்யும் அண்ணன் தம்பியின் கோலை நேரலையில் பார்ப்பான். உள்ளூர்க் கடைக்காரர் ஸ்பான்சர் செய்ய முன்வருவார். பத்து வருடம் கழித்து அந்தப் பேட்டையின் வரலாறாக மிஞ்சப்போவதும் அந்தப் பதிவுதான்.

ராமனின் கோலை ஊர் பார்க்கவில்லை. அன்று அதற்கு வழியில்லை. இன்று ஒரு லேப்டாப், ஒரு கேமரா, நான்கு பொறுப்பான இளைஞர்கள் இருந்தால் வழி இருக்கிறது. உங்கள் தெரு அணியின் அடுத்த ஆட்டத்துக்கு முன் அந்த நான்கு பேரைக் கூட்டிவையுங்கள்.