படித்தது போதகரிடம், சாப்பிட்டது யார் கையால்?

ஹார்ட்ஃபோர்டில் ஆன்சைட் வேலையில் இருந்த வருடம், ஒரு சனிக்கிழமை சும்மா காரை எடுத்துக்கொண்டு கனெக்டிகட் மாநிலத்தில் பெத்லெஹெம் என்ற சின்ன ஊருக்குப் போனேன். 18-ஆம் நூற்றாண்டுப் போதகர் ஜோசப் பெல்லமியின் வீடு அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. சுற்றிப் பார்க்கும்போதுதான் தெரிந்தது, அது வெறும் வீடு இல்லை, ஊழியப் பள்ளியாகவும் இருந்த வீடு என்று. அங்கிருந்துதான் இந்தத் தேடல் ஆரம்பித்தது.

இன்று அமெரிக்காவில் விடுதி இல்லாத ஊழியப் பள்ளிகள் சில உண்டு. அங்கே படிக்க வரும் பிள்ளைகளுக்குச் சபைக் குடும்பங்கள் தங்கள் வீட்டில் ஓர் அறை கொடுக்கின்றன. பாடம் ஒரு இடம், சாப்பாடும் படுக்கையும் வேறு இடம். 1740-களில் நியூ இங்கிலாந்தில் இந்தப் பிரிவினையே கிடையாது. பாடம், சாப்பாடு, படுக்கை எல்லாம் போதகர் வீட்டிலேயே.

முறை இதுதான். ஹார்வர்டிலோ யேலிலோ பி.ஏ. முடித்த இளைஞன், பெயர் பெற்ற போதகர் ஒருவரின் வீட்டில் சில மாதங்கள் தங்குவான். அவர் கேள்விப் பட்டியல் கொடுப்பார். அவருடைய அலமாரியிலிருந்தே புத்தகம் எடுத்துப் படித்து, பதிலைக் கட்டுரையாக எழுத வேண்டும். அதை அவர் கிழித்துத் தோரணம் கட்டுவார். (நம்ம ஊர் கோட் ரிவ்யூ மாதிரி.) பிறகு வட்டாரப் போதகர்கள் கூடி அவனைக் கேள்வி கேட்டு, பிரசங்கம் செய்ய அனுமதி கொடுப்பார்கள். பெல்லமி ஒருவரே சுமார் 60 பேரை இப்படித் தயாரித்தார். 1808-ல் ஆண்டோவர் இறையியல் கல்லூரி திறந்த பிறகுதான் இந்த வழக்கம் மெல்ல மறைந்தது. நம்ம குருகுலம் ஞாபகத்துக்கு வருகிறது, இல்லையா?

இப்படித் தங்கிப் படித்தவர்களில் ஒருவர் சாமுவேல் ஹாப்கின்ஸ். 1741-ல் யேலில் பட்டம் வாங்கினார். அப்போது அங்கே ஜோனத்தன் எட்வர்ட்ஸ் செய்த பிரசங்கத்தைக் கேட்டு, படித்தால் இவரிடம்தான் என்று முடிவு செய்தார். டிசம்பர் குளிரில் குதிரையேறி மாசசூசெட்ஸில் நார்தாம்ப்டன் போய்ச் சேர்ந்தால், எட்வர்ட்ஸ் ஊரில் இல்லை! வெளியூர் ஊழியத்துக்குப் போயிருந்தார். முன்பின் தெரியாத பையனை வரவேற்றுத் தங்க வைத்தது அவர் மனைவி சாரா. அப்போது அவருக்கு 7 குழந்தைகள்.

ஹாப்கின்ஸ் மனச்சோர்வோடு அறைக்குள்ளேயே கிடந்தார். சில நாள் கழித்து சாரா அவர் அறைக்கு வந்து, என்ன கவலை என்று விசாரித்து, தைரியம் சொன்னார். இதை ஹாப்கின்ஸே தன் சொந்த வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். எட்வர்ட்ஸ் தினமும் 13 மணி நேரம் படிப்பறையில் இருப்பார் என்று சொல்வதும் ஹாப்கின்ஸ்தான், 1765-ல் வெளியிட்ட எட்வர்ட்ஸின் வாழ்க்கை வரலாற்றில். அப்படியென்றால் வீட்டை நடத்தியது யார்?

சாரா. ஆனால் சாரா மட்டும் இல்லை. எட்வர்ட்ஸ் 1731-ல் ரோட் ஐலண்டின் நியூபோர்ட் துறைமுகத்தில் வீனஸ் என்ற 14 வயதுப் பெண்ணை 80 பவுண்டுக்கு வாங்கினார். அந்த விற்பனைப் பத்திரம் இன்றும் இருக்கிறது. 1758-ல் அவர் இறந்தபோது எடுத்த சொத்துக் கணக்கில் டைட்டஸ் என்ற அடிமைச் சிறுவன் பெயரும் வருகிறது. மாணவர்களை வரவேற்ற அந்த வீடு, அடிமைகளின் உழைப்பையும் வைத்துத்தான் நடந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். ஹாப்கின்ஸ் 1770-ல் ஒரு சபைக்குப் போதகராகப் போனார். எந்த ஊர்? வீனஸ் விற்கப்பட்ட அதே நியூபோர்ட். அடிமை வியாபாரத்தில் கொழுத்த ஊர். அவர் சபையிலேயே அந்த வியாபாரத்தில் பங்குள்ளவர்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் நின்று அதைப் பாவம் என்று பிரசங்கித்தார். 1776-ல் அடிமைமுறையை எதிர்த்து ஒரு சிறுநூல் எழுதி, அமெரிக்கக் காங்கிரசுக்கே அதைச் சமர்ப்பணம் செய்தார்.

இதில் எனக்கு வியப்பான விஷயம் ஒன்று. அவர் தன் குருவை விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்தவர் நலனையே நாடும் அன்புதான் பக்தி என்று எட்வர்ட்ஸிடம் கற்றதை எடுத்து, எட்வர்ட்ஸ் பொருத்திப் பார்க்காத இடத்தில் பொருத்தினார். அவ்வளவுதான். குரு சொன்னதை அவர் வீட்டுச் சமையலறை வரை கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு உதாரணம்.

நான் பி.இ. படித்த நாலு வருடமும் திருச்சியில் பெரியம்மா வீட்டில்தான் தங்கினேன். காலை 5 மணிக்கெல்லாம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்கும். தேய்த்துக் கொடுத்த அக்காவின் பேர் என்ன என்று யோசிச்சுப் பார்க்கிறேன், வரவில்லை. என் புரொபசர்கள் பேரெல்லாம் ஞாபகம் இருக்கிறது. பெரியம்மாவுக்கு இன்று இரவு போன் செய்து கேட்க வேண்டும்.