பாத்திரத்தில் படியும் பாறை

திருப்பதியிலிருந்து சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், புத்தூரை அடையும் முன்னர் வரும் ஊர் வடமாலபேட்டை. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்துள்ளது. பாறைப் பாங்கான இத்தகைய வட்டாரங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினநீராக இருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெண்ணிறப் படிவு, குழாயின் வாயில் சொரசொரப்பான திட்டு, எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காத சோப்பு ஆகியவை கடினநீரின் அடையாளங்கள்.

இந்நீரை மக்கள் தமிழில் ‘உப்புத் தண்ணீர்’ என்பர். தெலுங்கில் ‘உப்பு நீள்ளு’ என்பர். ஆயினும், பாத்திரத்தில் படிவது நாம் உண்ணும் உப்பு அன்று. உப்பாயின் நீர் ஊற்றியதும் கரைந்துவிடும், இதுவோ கரைவதில்லை. அவ்வாறாயின் இது யாது?

மழைநீர் மென்னீர் ஆகும். அது காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டைஆக்சைடைக் கரைத்துக்கொண்டு, சிறிது அமிலத்தன்மை பெறுகிறது. பின்னர்ப் பாறை இடுக்குகளின் வழியே இறங்கும்போது, அங்குள்ள கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கிறது. அந்நீரை நாம் காய்ச்சும்போது கார்பன் டைஆக்சைடு வெளியேறுகிறது. கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட்டு, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. சுண்ணாம்புக்கல்லும் சலவைக்கல்லும் இதே பொருளால் ஆனவை. நீரில் கரைந்த கல், நம் பாத்திரத்தில் மீண்டும் கல்லாகிறது!

காய்ச்சினால் நீங்கும் கடினத்தன்மை ‘தற்காலிகக் கடினத்தன்மை’ எனப்படும். கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றின் சல்பேட்டுகளாலும் குளோரைடுகளாலும் உண்டாவது காய்ச்சினாலும் நீங்காது. அது ‘நிரந்தரக் கடினத்தன்மை’ எனப்படும்.

கல்படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே, படிவு தடித்த பாத்திரத்தில் நீர் சூடாக அதிக எரிபொருள் செலவாகும். நீர்ச்சூடேற்றியில் மின்சாரம் வீணாகும். அதன் கம்பியும் விரைவில் பழுதாகும்.

படிவின் இயல்பை அறிந்தால் அதனை நீக்கும் வழியும் புலப்படும். கால்சியம் கார்பனேட்டு புளிப்பில் கரையும். எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், வினிகர் ஆகிய மூன்றிலும் அமிலம் உண்டு. படிவுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் நீரை ஊற்றி, எலுமிச்சைச் சாறு கலந்து, இளஞ்சூடாக்கி அரைமணி நேரம் வைக்கவேண்டும். சிறு குமிழிகள் எழும், படிவு இளகும். பின்னர்த் தேய்த்துக் கழுவிவிடலாம்.

இங்கு எச்சரிக்கையும் தேவை. சலவைக்கல் தரையில் புளிப்பை ஊற்றக்கூடாது, தரையும் அரிக்கப்படும். கடையில் விற்கும் வீரியமான அமிலத்தைச் சிறுவர் தொடவே கூடாது. அமிலத்துடன் பிளீச்சிங் பவுடர் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். நீர்ச்சூடேற்றியை மின்பணியாளரே கழற்றித் தூய்மை செய்யவேண்டும்.

கடினநீர் அழுக்குநீர் அன்று. கால்சியமும் மெக்னீசியமும் உடலுக்கு வேண்டியவையே. குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012ஆம் ஆண்டுத் தரவரையறை கூறுகிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. எனவே அஞ்சவேண்டியதில்லை, அளந்து அறிந்துகொள்ள வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாள்களில் கூரைநீரைச் சேமித்தால், துணி துவைக்கவும் நீர் காய்ச்சவும் மென்னீர் செலவின்றிக் கிடைக்கும்.

செய்து அறிக

ஒரே அளவுள்ள மூன்று புட்டிகளை எடுத்துக்கொள்க. ஒன்றில் மழைநீரும், மற்றொன்றில் கிணற்றுநீரும், மூன்றாவதில் காய்ச்சி ஆறவைத்து வடிகட்டிய கிணற்றுநீரும் சம அளவில் ஊற்றுக. ஒவ்வொன்றிலும் குளியல் சோப்புக் கரைசலைப் பத்துத் துளி விட்டுக் குலுக்குக.

1. எந்தப் புட்டியில் நுரை மிகுதி? ஏன்?
2. காய்ச்சிய நீரும் நுரைக்கவில்லையாயின், அதில் உள்ளது எவ்வகைக் கடினத்தன்மை?