கல்லெழுத்தும் நிழற்படமும்

தரங்கம்பாடியிலுள்ள புதிய எருசலேம் ஆலயம் 1718ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. தமிழில் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்த சீகன்பால்கு ஐயர், 1719இல் இவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார். வளாகத்தில் பழைய கல்லறைகள் பல உள்ளன. நிழற்படம் எடுக்க வருவோர் பெரும்பாலும் முகப்போடு நின்றுவிடுகின்றனர். முகப்பை நாளையும் எடுக்கலாம். உப்புக்காற்றில் தேய்ந்துபோன எழுத்தை எடுத்தல் இயலாது.

முகப்பை எடுக்கும்போது படப்பெட்டியை அண்ணாத்திப் பிடித்தல் ஆகாது. சுவர்கள் பின்னோக்கிச் சாய்ந்தனபோல் தோன்றும். தொலைவில் நின்று மட்டமாகப் பிடித்தலே முறை.

கல்லெழுத்துக்கோ ஒளியின் திசையே உயிர். தரையில் கிடக்கும் கல்லின்மேல் உச்சிவெயில் விழுங்கால் எழுத்தின் பள்ளங்களில் நிழல் தங்குவதில்லை. கல்லும் எழுத்தும் ஒன்றாகிவிடும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் வெயில் பள்ளந்தோறும் நிழலை நிரப்பும். மங்கிய எழுத்தும் புலப்படும். மரநிழலில் உள்ள கல்லுக்கு முகக்கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பலாம். அருகில் ஓர் அளவுகோலை வைத்து, கல்லுக்கு நேர் எதிராகப் பெட்டியைப் பிடித்தல் நன்று.

எழுத்தில் சுண்ணக்கட்டியைத் தேய்த்தலும், கம்பித் தூரிகையால் சுரண்டுதலும் அறவே கூடா. காக்க வந்த எழுத்தை நாமே அழித்தவராவோம்.

பெயரும் ஆண்டும் பொறித்த கல்லொன்றே, ஒருவர் வாழ்ந்தமைக்கு எஞ்சிய சான்றாக இருத்தல் கூடும். ஆகவே, ஆலயப் பொறுப்பாளரின் இசைவு பெற்றே படமெடுங்கள். எடுத்த படத்தின் படியொன்றை, எடுத்த நாளைக் குறித்து, அவரிடமே சேர்ப்பியுங்கள்.