பனிக்கு அடியில் ஓடும் ஒலி

ஆர்க்டிக் கடலின் வெப்பநிலையை அளப்பது லேசுப்பட்ட வேலையல்ல. செயற்கைக்கோளின் ரேடியோ அலை தண்ணீருக்குள் இறங்காது. மற்றக் கடல்களில் மூழ்கி மூழ்கி அளக்கும் ஆர்கோ மிதவைகள் தகவல் அனுப்ப மேலே வந்தாக வேண்டும். இங்கே வந்தால் பனியில் முட்டிக்கொள்ளும்.

ஒலிக்கு அந்தத் தொல்லை இல்லை. நீர் ஒரு டிகிரி சூடானால் அதில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் நாலரை மீட்டர் கூடும். ஆகவே வெகுதூரம் கடந்து ஒலி வந்துசேரும் நேரத்தைக் குறித்தால், வழிநெடுக உள்ள நீரின் சராசரி வெப்பநிலை தெரிந்துவிடும். கடலை ஒலியால் ‘ஸ்கேன்’ செய்யலாம் என்று கடலியலாளர்கள் வால்டர் மங்க்கும் கார்ல் உன்ஷும் 1979-லேயே எழுதியிருந்தார்கள்.

துருவத்தில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே மிகக் குளிர்ந்த நீர் மேல்மட்டத்தில் இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து, பனியின் கரடுமுரடான அடிப்பக்கத்தில் திரும்பத் திரும்ப மோதும். கீச்சென்ற ஒலியெல்லாம் அதிலேயே சிதறிப்போகும். அதனால் 1994 ஏப்ரலில் அமெரிக்க, ரஷ்ய, கனடிய விஞ்ஞானிகள் ஸ்வால்பார்டுக்கு வடக்கே பனிமேல் முகாமிட்டு, நீருக்குள் இறக்கிய கருவியிலிருந்து அனுப்பியது 19.6 ஹெர்ட்ஸ் ஒலி. அலைநீளம் எழுபது மீட்டருக்கும் மேல். நம் காதுக்கு எட்டுவதே சந்தேகம்.

சுமார் 2,600 கிலோமீட்டர் தள்ளி, பியூஃபோர்ட் கடலின் பனிமுகாமில் அது கேட்டது. பயணம் ஏறக்குறைய அரைமணி நேரம். பழைய அளவீடுகளை வைத்துப் போட்ட கணக்கைவிட இரண்டு வினாடி போல முந்தி வந்திருந்தது! அட்லாண்டிக்கிலிருந்து நுழைந்து இடைமட்டத்தில் பரவும் நீர் சுமார் 0.4 டிகிரி சூடாகியிருந்ததே காரணம். கப்பல்களும் நீர்மூழ்கிகளும் எடுத்த அளவுகள் அதை உறுதிசெய்தன.

பனியின் கனத்தை அளப்பதற்கும் ஒலிதான், ஆனால் வேறு வழி: அடியிலிருந்து மேல்நோக்கி ஒலித்துடிப்பு அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைப் பார்ப்பது. பனிப்போர்க் காலத்தில் அணுசக்தி நீர்மூழ்கிகள் தங்கள் பாதுகாப்புக்காகச் செய்துவந்த வேலைதான். ராணுவ ரகசியமாகக் கிடந்த அந்தப் பதிவுகள் வெளிவந்தபோது, 1958–76-இல் சராசரியாக 3.1 மீட்டர் ஆழம் வரை அமிழ்ந்திருந்த பனி, தொண்ணூறுகளில் 1.8 மீட்டராகக் குறைந்திருந்தது தெரிந்தது. எதிரியைத் தேடித் திரிந்தவர்கள் அறிவியலுக்குச் செய்த உபகாரம்!

நீண்ட இடைவெளிக்குப் பிறகு, 2019–20-இல் நார்வேயும் அமெரிக்காவும் 35 ஹெர்ட்ஸ் ஒலியை ஆர்க்டிக்கின் குறுக்கே மீண்டும் ஓடவிட்டன. ஆனால் ஒற்றைக் கோட்டின் சராசரி, வழியில் எந்த இடத்தில் சூடு கூடியது என்று சொல்லாது. அதற்குக் குறுக்கும் நெடுக்குமாகப் பல கோடுகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பனிக்கடியில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் பேட்டரியும் துல்லியமான கடிகாரமும் வேண்டும்.