சொல்லும் உளமும்

காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. மனத்துயரை அளக்க அத்தகைய கருவி இல்லை. நோயாளர் கூறும் சொற்களே மருத்துவருக்கு முதன்மைச் சான்று. அச்சொற்களை முறையாகப் பெறுவதற்கு வினாப்பட்டியல்கள் உருவாக்கப்பட்டன. 2001ஆம் ஆண்டு வெளியான பி.எச்.க்யூ-9 அவற்றுள் ஒன்று. கடந்த இரண்டு வாரங்களில் ஒருவரின் உறக்கம், பசி, ஆர்வம், சோர்வு முதலியன எவ்வாறிருந்தன என்பதை அது ஒன்பது வினாக்களால் அறிகிறது. ஒவ்வொரு விடைக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு. மொத்தம் பத்தும் அதற்கு மேலும் வந்தால், மனச்சோர்வு நோய் இருக்கலாம் எனக் கருதி மருத்துவர் மேலும் ஆராய்வார்.

இத்தகைய கருவிகளுள் பல ஆங்கிலத்தில் தோன்றியவை. சீனமொழி பேசுவோரிடம் இவற்றைப் பயன்படுத்த மொழிபெயர்ப்பு தேவை. ஆயினும் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் போதாது. ஆங்கிலத்தில் நீலநிறத்தைக் குறிக்கும் சொல் துயரத்தையும் உணர்த்தும். சீனத்தில் அந்நிறத்திற்கு அப்பொருள் இல்லை. 'சின்' என்னும் சீனச்சொல்லோ இதயம், மனம் ஆகிய இரண்டையும் குறிக்கும். எனவே, மனத்தைப் பற்றிய வினா நெஞ்சுவலியைப் பற்றியதாகவும் கொள்ளப்படலாம்.

இச்சிக்கல் சொல்லோடு நிற்பதில்லை. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன், சீனாவின் ஹூனான் மருத்துவக் கல்லூரியில் நூறு நோயாளரை ஆராய்ந்தார். அவர்கள் அனைவருக்கும் 'நரம்புத் தளர்ச்சி' என நோய்ப்பெயர் சூட்டப்பட்டிருந்தது. தலைவலி, உறக்கமின்மை, தலைச்சுற்றல் ஆகியவற்றையே அவர்கள் பெரிதும் முறையிட்டனர். அமெரிக்க அளவீட்டின்படி அவர்களுள் 87 பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. துயரத்தை மட்டும் வினவும் கருவி இத்தகையோரை அடையாளம் காணத் தவறியிருக்கும். அதேவேளை, ஒரு பண்பாட்டில் பிறந்த நோய்வகையை மற்றொரு பண்பாட்டின் மீது ஆராயாது சுமத்துவது பிழை என்றும் கிளைன்மன் எச்சரித்தார்.

ஆகவே, மொழிபெயர்த்த கருவி படிப்படியாகச் சோதிக்கப்படுகிறது. முதலில் இருமொழி வல்லார் ஒருவர் அதனைச் சீனத்தில் பெயர்க்கிறார். மூலத்தைக் காணாத மற்றொருவர் அதனை மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்க்கிறார். இரண்டையும் ஒப்பிட்டால் பொருள் திரிந்த இடம் புலப்படும். அடுத்து, நோயாளர் சிலரிடம் வினாக்களைக் கொடுத்து, 'இவ்வினாவை எவ்வாறு புரிந்துகொண்டீர்கள்?' என்று கேட்கின்றனர். மாண்டரின் பேசுவோரும் காண்டனீஸ் பேசுவோரும் எழுத்தில் ஒன்றுபட்டாலும் பேச்சில் வேறுபடுவர். ஆதலால், படிக்க இயலாதவர்க்கு வினாவை அவரவர் பேச்சிலேயே கூற வேண்டும்.

பின்னர்ப் பெருந்தொகையான நோயாளரிடம் சோதனை நிகழும். நோய்நிலை மாறாத ஒருவரிடம் சிலநாள் கழித்து மீண்டும் வினவினால் ஏறத்தாழ அதே மதிப்பெண் வருகிறதா என்பது நம்பகத்தன்மை. கருவியின் முடிவு, அதனை அறியாத மருத்துவர் நேர்காணலில் கண்ட முடிவோடு பொருந்துகிறதா என்பது ஏற்புடைமை. இச்சோதனையை மாணவரிடமோ பொதுமக்களிடமோ மட்டும் செய்தல் போதாது. மனநல மருந்துகளுள் சில அயர்வையும் உறக்கத்தையும் தருவன. அவ்விளைவையே கருவி மனச்சோர்வு எனக் கணக்கிடக்கூடும். நோயைப் பிரித்துக்காட்டும் எல்லை மதிப்பெண்ணும் அம்மக்களுக்கேற்ப மாற வேண்டியிருக்கலாம்.

இவ்வுழைப்பு வீணன்று. எல்லை உயர்ந்தால் நோயுற்றவர் உதவி பெறாது திரும்புவார். தாழ்ந்தால் நோயற்றவர் தேவையற்ற மருந்தை உண்பார். மருத்துவமனைக்கு வரும் முதியவர் ஒருவர் 'தலை வலிக்கிறது' என்று மட்டுமே கூறலாம். அச்சொல்லின் பின்னுள்ள துயரத்தை நன்கு சோதிக்கப்பட்ட வினா ஒன்று வெளிக்கொணரும்.